யாரிடம் முதலில் சொல்வது? காதல் பயமாக மாறிய பதின்வயதினருக்கு இருக்கும் வழிகள்

பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண். காதலன் இரண்டு வயது மூத்தவன், கல்லூரியில் முதல் வருடம். டியூஷன் விட்டதும் அவனுக்கு லைவ் லொகேஷன் அனுப்ப வேண்டும். அவள் இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு அவனிடம் இருக்கிறது. கூடப் படிக்கும் பையன்களின் எண்களை அவன் கண் முன்னாலேயே அழிக்க வைத்திருக்கிறான். பதில் போடக் கொஞ்சம் தாமதமானால் மிஸ்டு கால் வரிசையாக வந்து நிற்கும். போன மாதம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வைத்து அறைந்தான். அன்று ராத்திரியே அழுது மன்னிப்புக் கேட்டான். பிரிந்துவிடலாம் என்று அவள் சொன்னதும், "உன் போட்டோ எல்லாம் எங்கிட்டதான் இருக்கு, உங்கப்பாவுக்கு அனுப்பவா?" என்கிறான்.

இது ஒருத்தியின் கதை அல்ல. கேட்டவரை, ஊரும் பெயரும் மாறினாலும் இந்த வரிசை பெரும்பாலும் இப்படியேதான் வருகிறது. இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு முன்னால் என்னென்ன வழிகள் உண்டு, ஒவ்வொன்றிலும் என்ன கிடைக்கும், என்ன போகும், எதை முதலில் செய்யலாம் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. தமிழ்நாட்டில் இருக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். 18 வயது ஆகாத உன்னிடம் நேரடியாகவே பேசுகிறேன். பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை கடைசியில்.

முதலில், இது சாதாரணச் சண்டையா, துன்புறுத்தலா? சண்டை எல்லாருக்கும் வரும், பொறாமையும் வரும். எனக்குத் தெரிந்து உதவுகிற கேள்வி ஒன்றுதான்: நீ "முடியாது" என்று சொன்னால் என்ன நடக்கிறது? அவன் முகம் வாடினால், இரண்டு நாள் பேசாமல் இருந்தால், அது வருத்தம். திட்டு, அடி, மிரட்டல், கையை அறுத்துக்கொண்ட போட்டோ இதில் ஏதாவது வந்தால், அதற்குப் பயந்து நீ "முடியாது" என்று சொல்வதையே நிறுத்தியிருந்தால், அது துன்புறுத்தல். அடி விழுந்திருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை. யாரோடு பேசலாம், என்ன உடுத்தலாம், எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதையெல்லாம் உனக்கு முன்னால் அவன் முடிவு செய்கிறான் என்றால் அதுவே போதும். யுபிஐயில் அடிக்கடி பணம் கேட்பதும், பிடிக்காத வீடியோ காலுக்கு வற்புறுத்துவதும் இதே கணக்குதான்.

பையன்களும் இதைப் படிக்க வேண்டும். காதலி அடிக்கிறாள், எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துகிறாள், விட்டுப் போனால் செத்துவிடுவேன் என்கிறாள் என்றால், வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று நீ அடக்கிக்கொண்டு இருக்கலாம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் ஆண் பெண் என்று பார்ப்பதில்லை. 18 வயதுக்குக் கீழே யாராக இருந்தாலும் பாதுகாப்பு ஒன்றுதான். கீழே "அவன்" என்று எழுதியிருக்கும் இடத்தில் "அவள்" என்று படித்துக்கொள்.

பலரும் முதலில் எடுப்பது பிளாக் பண்ணிவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருக்கும் வழி. அவன் வெறும் தொல்லை கொடுப்பவன், உன் படங்கள் எதுவும் அவனிடம் இல்லை, உன் வீடும் தெருவும் தெரியாது என்றால் இது சில நேரம் போதும். ஆனால் மேலே சொன்ன பெண்ணின் நிலைமையில் இதை நான் முதல் வேலையாகச் சொல்ல மாட்டேன். பிளாக் ஆனதும் அவன் வேறு எண்ணிலிருந்து வருவான், தோழியின் போனுக்கு வருவான், பள்ளி வாசலுக்கே வருவான். மிரட்டிய மெசேஜ்களை இரண்டு பக்கமும் அழிக்க அவனால் முடியும். பிளாக் பண்ணுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன. மிரட்டல்களை அவன் போன் எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. அடித்த நாள், இடம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுது. வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியில் உனக்குத் தெரியாத கம்ப்யூட்டர் எதுவும் இருக்கிறதா என்று பார். கூகுள் மேப்ஸிலும் ஸ்னாப்சாட்டிலும் லொகேஷன் பகிர்வு ஓடுகிறதா என்று பார். பாஸ்வேர்டுகளை அவன் கை படாத ஒரு போனிலிருந்து மாற்று. இன்ஸ்டாகிராமில் ரெஸ்ட்ரிக்ட் என்று ஒரு வசதி உண்டு. அவனுக்குத் தெரியாமலேயே அவனைத் தள்ளி வைக்கலாம். அடுத்த ஆளிடம் பேசி முடிக்கும்வரை அது பிளாக்கைவிட நல்லது.

"கடைசியா ஒரே ஒரு தடவை நேர்ல பேசணும்" என்று கூப்பிட்டால் போகாதே. பிரியும் நேரமும் பிரிந்த பிறகு வரும் வாரங்களும்தான் ஆபத்து கூடும் காலம். 2022 அக்டோபர் 13-ம் தேதி சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில், விலகிப்போன 20 வயதுக் கல்லூரி மாணவியை, விடாமல் பின்தொடர்ந்த இளைஞன் ரயில் முன் தள்ளிக் கொன்றான். 2024 டிசம்பரில் மகளிர் நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை விதித்தது. உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. விலகுவதை யாருக்கும் தெரியாமல் தனி ஆளாகச் செய்யக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நண்பர்களிடம் சொல்வது நல்லதுதான், ஆனால் அதோடு நிற்கக் கூடாது. தோழி உன்னோடு நடந்து வரலாம், ஸ்கிரீன்ஷாட்டைப் பத்திரமாக வைத்திருக்கலாம், நீ பேசப் பயப்படும்போது பக்கத்தில் உட்காரலாம். பையன்கள் நாலு பேர் சேர்ந்து போய் அவனைத் தட்டிக் கேட்பது மட்டும் வேண்டாம். அடிதடியானால் வழக்கு அவர்கள் மேல் வரும், அவன் கோபம் உன் மேல் திரும்பும்.

இனி வீடு. இதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். அவன் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் "வீட்டுல சொல்லிடுவேன்" என்பதுதான். வீட்டுக்கு உன் வாயாலேயே தெரிந்துவிட்டால் அந்த மிரட்டலில் பாதி அங்கேயே செத்துவிடும். வேறு எந்த வழியிலும் இந்தப் பலன் இவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. ஆனால் நம் வீடுகள் எப்படி என்று எனக்கும் தெரியும். போனைப் பிடுங்கலாம், படிப்பை நிறுத்தலாம், அவசரமாக மாப்பிள்ளை பார்க்கலாம். பையன் வேறு சாதி என்றால் பேச்சு துன்புறுத்தலை விட்டுவிட்டுச் சாதிக்குப் போய்விடும். சில வீடுகளில் அது உயிருக்கே ஆபத்து.

அதனால் "வீட்டில் சொல்லலாமா" என்று கேட்காதே. "வீட்டில் யார்?" என்று கேள். அம்மா, அப்பா இருவரிடமும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டியதில்லை. அத்தை, சித்தி, கல்யாணமான அக்கா, தாத்தா, மாமா என்று யோசி. முன்பு உன் தப்பு ஒன்றைக் கேட்டுவிட்டு உடனே கத்தாதவர் யார்? கேட்டதை ஒரு ராத்திரியாவது தனக்குள் வைத்திருக்கக்கூடியவர் யார்? அம்மாவிடம் எடுத்துச் சொன்னால் அம்மா கேட்டுக்கொள்ளும் இடத்தில் இருப்பவர் யார்? அந்த ஆள் அம்மாவாகவே இருந்தால் ரொம்ப நல்லது. பல அம்மாக்கள் முதல் ஒரு மணி நேரம் அழுது திட்டிவிட்டு, அப்புறம் பிள்ளையின் பக்கம் உறுதியாக நின்றுவிடுவார்கள்.

சொல்லும்போது காதலில் ஆரம்பிக்காதே. "ஒருத்தன் என்னை மிரட்டுறான், எனக்குப் பயமா இருக்கு, உங்க உதவி வேணும்" என்று ஆரம்பி. எப்படிப் பழக்கம், எத்தனை நாளாக என்பதெல்லாம் அப்புறம் வரட்டும். வாயில் வரவில்லை என்றால் எழுதிக் கொடு. அவர் படிக்கும்போது நீ பக்கத்தில் இரு.

வீட்டில் அப்படி ஒருவரும் இல்லை, தெரிந்தால் அடிப்பார்கள் அல்லது கட்டிவைத்துவிடுவார்கள் என்று உண்மையாகவே பயம் இருந்தால், முதல் வாசல் வீடு அல்ல, 1098 என்ற உதவி எண். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பள்ளியில் ஆசிரியர், ஆலோசகர் என்று போவதில் ஒரு பெரிய வசதி, தினமும் உன்னைப் பார்ப்பவர் அவர். உன் மதிப்பெண் குறைந்ததையும், முழுக்கைச் சட்டை போட்டு வருவதையும் அவர் ஏற்கெனவே கவனித்திருக்கலாம். பெற்றோரை அழைத்துப் பக்குவமாகப் பேச அவரால் முடியும். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணுக்கும் நீயே பேசலாம். குறை என்னவென்றால், சில பள்ளிகளில் ஒரு ஆசிரியரிடம் சொன்னது மதியத்துக்குள் ஆசிரியர் அறை முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் பதவியைப் பார்க்காதே, ஆளைப் பார். பிடித்த பி.டி. டீச்சராகவும் இருக்கலாம், நூலகராகவும் இருக்கலாம்.

எந்தப் பெரியவரிடம் போவதற்கு முன்பும் நீ தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. இதை யாரும் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்வதில்லை என்பது என் வருத்தம். 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி 18 வயது ஆகாத எவரோடும் பாலியல் உறவு குற்றம். நீயே சம்மதித்தாய் என்பது சட்டத்தில் கணக்கில்லை. அப்படி ஒன்று நடந்தது என்று தெரிந்தவர், டீச்சரோ டாக்டரோ பக்கத்து வீட்டு ஆன்ட்டியோ, போலீசிடமோ சிறார் காவல் பிரிவிடமோ சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்துக்குப் பொறுப்பானவர், தன் கீழே வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை. சொல்லாமல் இருந்த பிள்ளைக்கு இந்தத் தண்டனை கிடையாது.

ஆகவே அடி, கட்டுப்பாடு, பின்தொடர்தல் பற்றி மட்டும் பேசினால், அடுத்து என்ன செய்வது என்பதைப் பெரும்பாலும் நீயும் அந்தப் பெரியவரும் உட்கார்ந்து தீர்மானிக்கலாம். பாலியல் விஷயமோ அந்த மாதிரிப் படங்களோ வந்துவிட்டால், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று உனக்கு வாக்குக் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. "சில விஷயத்தைச் சொன்னா நீங்க போலீசுக்குச் சொல்லியே ஆகணுமா?" என்று முதலிலேயே கேட்டுவிடு. நேர்மையானவர் "ஆமாம், ஆனா நான் கூடவே இருப்பேன்" என்பார். அந்தப் பதிலைக் கேட்டுப் பயந்து திரும்பிவிடாதே. வற்புறுத்தல் நடந்திருந்தால் இந்தச் சட்டம் உன் பக்கம்தான் நிற்கிறது.

இருவருமே விரும்பிய காதலிலும் இதே சட்டம் பாய்வது உண்மைதான். 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி ஒரு வழக்கை ரத்து செய்து, விரும்பிச் சேர்ந்த பதின்வயதினரைக் குற்றவாளியாக்குவது இந்தச் சட்டத்தின் நோக்கம் அல்ல என்ற பொருளில் தீர்ப்பு எழுதியது. ஆனால் நாம் பேசுவது அந்த மாதிரிக் காதலைப் பற்றி அல்ல. அடியும் மிரட்டலும் இருக்கும் இடத்தில், "அவன் வாழ்க்கை பாழாயிடுமே" என்ற கவலையை உன் தோளில் ஏற்றிக்கொள்ளாதே.

1098 என்பது குழந்தைகளுக்கான இலவச எண், 24 மணி நேரமும் உண்டு. பெற்றோருக்குத் தெரியாமல் நீயே பேசலாம், உன் சார்பில் தோழியும் பேசலாம். இவர்கள் வழியாக மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் குழந்தைகள் நலக் குழுவும் உள்ளே வர முடியும். வீட்டில் அவசரக் கல்யாணம் ஏற்பாடு செய்தால் தடுக்கவும், தேவைப்பட்டால் தங்க இடம் கொடுக்கவும் இவர்களுக்கு அதிகாரம் உண்டு. வீட்டை நம்ப முடியாத பிள்ளைக்கு இதைவிட நல்ல முதல் படி எனக்குத் தெரியவில்லை. குறை என்றால், போனில் யார் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பேச்சின் தரம் மாறும். முதல் தடவை சரியாகப் பேசவில்லை என்றால் வைத்துவிட்டு மறுபடி கூப்பிடு. பெண்களுக்கான 181-ம் இருக்கிறது. மனசு தாங்கவில்லை, தூக்கம் இல்லை, செத்துப்போகலாம் போல் இருக்கிறது என்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

அவன் தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டினாலும் இதே பதில்தான். அவன் வீட்டுக்கோ, அவன் நண்பனுக்கோ, அவசர உதவி எண்ணான 112-க்கோ உடனே தகவல் சொல். அவனைக் காப்பாற்ற அவன் பக்கத்தில் இருப்பவர்களால்தான் முடியும். நீ காதலியாகத் தொடர்வது அதற்கு மருந்து அல்ல.

காவல் நிலையம் எப்போது? உயிருக்குப் பயம் என்றால், அவன் வாசலில் நிற்கிறான் என்றால், யோசிக்காமல் 112. மற்றபடி, தொடர்ந்து பின்தொடர்ந்தாலோ, அடித்தாலோ, பாலியல் வற்புறுத்தல் நடந்திருந்தாலோ. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் ஒரு பெண்ணைப் பின்தொடர்வது 78-வது பிரிவு. முதல் தடவைக்கே மூன்று வருடம் வரை சிறை உண்டு. தமிழ்நாட்டில் 1992 முதல் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. போக்சோ வழக்கில் உன் வாக்குமூலத்தை உன் வீட்டிலோ நீ விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். கூடியவரை சப் இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும், அவர் சீருடையில் இருக்கக் கூடாது, நீ நம்பும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ராத்திரியில் உன்னை ஸ்டேஷனில் உட்காரவைக்கக் கூடாது. உன் பெயரையோ பள்ளியையோ வெளியே விடக் கூடாது. இவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால், "ஸ்டேஷனுக்கு வாம்மா" என்று கூப்பிடும்போது "வீட்டுக்கு வாங்க" என்று உன்னோடு வருபவர் சொல்ல முடியும்.

இந்த வழியின் விலை, நாளும் அலைச்சலும். பொள்ளாச்சியில் 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி புகார் கொடுத்தார். படம் எடுத்து மிரட்டிய கும்பல் அந்தப் புகாரால்தான் வெளியே வந்தது. கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது 2025 மே 13-ம் தேதி. ஆறு வருடத்துக்கும் மேல். இடையில் புகார் கொடுத்தவரின் பெயர் அதிகாரிகள் தரப்பிலிருந்தே வெளியே வந்து கடும் கண்டனத்துக்கு உள்ளானது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். புகார் பலன் தரும். ஆனால் கூட நின்று கேள்வி கேட்கும் ஒரு பெரியவர் இல்லாமல் உன்னைப் போன்ற ஒரு பிள்ளை தனியாக அங்கே போகக் கூடாது.

வற்புறுத்தல் இப்போதுதான் நடந்தது என்றால் எந்த ஒப்பீடும் வேண்டாம், அரசு மருத்துவமனைக்குப் போ. கருத்தடை மாத்திரைக்கும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கும் 72 மணி நேரம்தான் கணக்கு, முந்தினால் இன்னும் நல்லது. கர்ப்பம் ஆகிவிட்டது என்ற பயத்தில் நாட்டு மருந்து தேடி உயிரை விடுபவர்கள் இன்றும் உண்டு. 2022 செப்டம்பர் 29-ம் தேதி உச்ச நீதிமன்றம், 18 வயது ஆகாத பெண்ணும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்பு செய்யும் டாக்டர் போலீசுக்குத் தரும் தகவலில் அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. டாக்டரிடம் அதைக் கேட்கலாம்.

படத்தை வைத்து மிரட்டுவது தனி விஷயம். இதில் மட்டும் காத்திருக்கவே கூடாது. பணம் கொடுக்காதே, இன்னொரு படம் அனுப்பாதே. கேட்டதைக் கொடுத்தால் மறுபடி கேட்பான். டேக் இட் டவுன் என்று ஒரு இலவச இணையச் சேவை இருக்கிறது, அமெரிக்காவில் காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துவது. 18 வயதுக்கு முன் எடுத்த படம் என்றால் இதைப் பயன்படுத்தலாம். படம் உன் போனை விட்டு வெளியே போகாது. அதன் அடையாளக் குறியீடு மட்டும் போய், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற தளங்களில் அந்தப் படம் ஏறினால் கண்டுபிடித்து எடுக்க உதவும். வாட்ஸ்அப்பில் தனியாக அனுப்புவதை இதால் தடுக்க முடியாது. அதற்குப் புகார்தான் வழி. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-லும் பேசலாம். ஏற்கெனவே ஒரு தளத்தில் படம் ஏறிவிட்டால் அந்தத் தளத்திலேயே புகார் கொடு. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் இதற்கு அதிகபட்சம் 24 மணி நேரம் என்று கெடு வைத்தன.

ஆதாரம் என்று சொல்லி அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாதே, தோழிக்கும் அத்தைக்கும் கூட. 18 வயது ஆகாதவரின் அப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதும் பகிர்வதும் சட்டத்தில் சிக்கல். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2024 செப்டம்பர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றம் அதை அழுத்தமாகச் சொன்னது. மிரட்டல் வார்த்தைகளின் ஸ்கிரீன்ஷாட் போதும்.

எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் போகும் வரிசை இது. இன்றைக்கே ஆதாரத்தை எடுத்து வைத்துப் பாஸ்வேர்டுகளை மாற்றுவது. படம் சம்பந்தப்பட்டிருந்தால் அதே நாளில் டேக் இட் டவுனும் சைபர் புகாரும். இரண்டு நாளுக்குள் ஒரே ஒரு பெரியவர், வீட்டிலோ பள்ளியிலோ. அப்படி யாரும் இல்லை என்றால் 1098. காவல் நிலையம் அந்தப் பெரியவரோடு சேர்ந்து. பிளாக் பண்ணுவது இத்தனைக்கும் பிறகு. பயம் உடம்பு சம்பந்தப்பட்டது என்றால் இந்த வரிசை தலைகீழ், 112 முதலில்.

இனி பெரியவர்களுக்கு. ஒரு பிள்ளை உங்களைத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறது. "நீ ஏன் போன?", "போட்டோ ஏன் அனுப்பின?" என்ற கேள்விகளை அன்று கேட்காதீர்கள். "நல்லவேளை எங்கிட்ட சொன்ன" என்பது போதும். பையன் வீட்டுக்குப் போன் போட்டுச் சமாதானம் பேசப் போகாதீர்கள். ஊர்ப் பெரியவரை வைத்துப் பஞ்சாயத்து வேண்டாம், கட்டிவைத்துவிடலாம் என்ற பேச்சு வேண்டவே வேண்டாம். பிள்ளையின் போனைப் பிடுங்காதீர்கள். அதில்தான் ஆதாரம் இருக்கிறது, உங்களை அவள் கூப்பிடப்போவதும் அதில்தான். திங்கட்கிழமை பள்ளிக்கு யார் கூடப் போவது, டியூஷன் நேரத்தை மாற்ற முடியுமா, பஸ் ஸ்டாப்பில் யார் நிற்பது, அவன் எதிரே வந்தால் எந்தக் கடைக்குள் நுழைவது, வகுப்பாசிரியரிடம் எவ்வளவு சொல்வது என்பதை அன்று ராத்திரியே அவளையும் வைத்துக்கொண்டு பேசி முடிவு செய்யுங்கள்.